மேட்டில் ஒரு சண்டை

அடுத்தது அவள்தான்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளின் இடது கால் தானாக ஆடியது. முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்தாள். கால் நின்றது.

பக்கத்தில் மாமியார், மடியில் பையோடு.

டிரைவிங் டெஸ்டில் ஏற்கெனவே இரண்டு தடவை தோற்றாயிற்று. இரண்டு தடவையும் அதே மேடு. பாதி மேட்டில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுக்க வேண்டும். தேர்வு அதிகாரி வாயே திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அந்த அமைதியில் அவளுக்குக் கிளட்ச்சிலிருந்து கால் துள்ளும். எஞ்சின் அணைந்துவிடும்.

அமைதி அவளுக்குப் பழக்கமில்லை.

அவர்களுடையது சலவைக்கடை. மாமியார் வெளுப்பாள், மருமகள் இஸ்திரி போடுவாள். கடை திறக்கும்போது தொடங்கும் வாய்ச்சண்டை மூடும்வரை ஓடும். வாய் பாட்டுக்கு வாய், கை பாட்டுக்குக் கை. ஒரு சட்டை தீய்ந்ததில்லை.

கடை வேனில் ஓட்டிப் பழகும்போதும் அப்படித்தான். வேலைக்கு வைத்த டிரைவர் முன்னால் இருப்பார். கிழவி பின்னால் துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வம்பிழுத்துக்கொண்டே வருவாள். பதில் சொல்லும் மும்முரத்தில் இவள் எந்த மேட்டையும் ஏறிவிடுவாள்.

தேர்வு வண்டியில் மாமியாருக்கு இடமில்லை.

இந்தத் தடவையும் விட்டால் கடை போயிற்று. டிரைவருக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது, திங்கட்கிழமையிலிருந்து வரமாட்டார். ஆஸ்பத்திரித் துணியை எடுத்துவந்து திருப்பிக் கொடுக்க ஆளில்லையென்றால் அந்த வேலை வேறு கடைக்குப் போய்விடும். அந்த வேலைதான் கடையே.

"அத்தை, என்னால முடியாது. வாங்க, வீட்டுக்குப் போயிடலாம்."

மாமியார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"போலாம். போய் அந்த மூட்டையப் பிரி. நேத்து ஆஸ்பத்திரியில இருந்து திருப்பி அனுப்பிட்டாங்க."

"எந்த மூட்டை?"

"டாக்டர் கோட்டு. காலர்ல சுருக்கமாம். இஸ்திரி போட்டது கையா காலான்னு கேட்டாங்க."

"என் காலர்லயா?"

"பின்ன, என் காலர்லயா? மனசு கஷ்டப்படுவியேன்னு பரண்ல ஒளிச்சு வச்சிருக்கேன். எங்க போய்ப் புடிச்சானோ என் பையன் உன்ன."

"இத்தன வருஷத்துல என் காலர்ல ஒரு சுருக்கம் காட்டுங்க பாப்போம்! நீங்க கஞ்சியக் கட்டி கட்டியா கரைச்சு வச்சிட்டு..."

அவளைக் கூப்பிட்டார்கள்.

"போ, போ. மிச்சத்த வந்து கத்து."

வண்டிக் கதவை அறைந்து சாத்தினாள். சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். அதிகாரி வாய் திறக்கவில்லை. அது அவளுக்கு உறைக்கவேயில்லை.

முதல் திருப்பத்தில், கஞ்சி கரைத்தது யார் என்று மனதுக்குள் கேட்டாள்.

அடுத்த திருப்பத்தில், நீலத்தை அள்ளிக் கொட்டியது யார் என்று கேட்டாள். கண்ணாடியைப் பார்த்தாள், கைகாட்டி விளக்கைப் போட்டாள்.

பின்பக்கமாக எடுத்துக் கோடுகளுக்கு நடுவே நிறுத்தும்போது, காலரை உள்பக்கம் முதலில் தேய்த்து, முனையிலிருந்து நடுவுக்குக் கொண்டுவரத் தெரிந்தவள் தன்னை விட்டால் யார் என்று கேட்டாள்.

மேடு வந்தது. நிறுத்தினாள்.

கிழவிக்குக் கொடுக்க வேண்டிய பதில் அங்கேதான் வந்து விழுந்தது. சுருக்கம் துணியில இல்ல அத்தை, உங்க மூஞ்சியில.

அந்தத் திருப்தியில் கால் கிளட்ச்சைப் பதமாக விட்டது. வண்டி ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகவில்லை.

எல்லாம் முடிந்து இறங்கும்போதுதான் அதிகாரி வாய் திறந்தார்.

"பாஸ். ஆமா, வழி நெடுக உதடு அசைஞ்சுட்டே வந்துச்சே, யாரைம்மா திட்டுனீங்க?"

"வீட்டுல சார்."

மாமியார் பெஞ்சில் இல்லை. கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை. கால் வெடவெடவென்று ஆடியது.

"ஆச்சா?"

"ஆச்சு. இப்பச் சொல்லுங்க, எந்தக் கோட்டு? எந்தப் பரணு?"

"நம்ம வீட்டுல ஏதுடி பரணு?"

மருமகள் வாயைத் திறந்தாள். நாக்கு நுனிவரை வந்தது சண்டையில்லாத வேறு வார்த்தை. அதைச் சொல்லி இருவருக்கும் பழக்கமில்லை. சொன்னால் கிழவி, காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.

சில மாதங்களுக்கு முன், அன்றைக்கும் மருமகள் அதைச் சொல்லவில்லை. இன்னொருத்தியோடு குடித்தனம் தொடங்கிவிட்ட அவளுடைய கணவன், பெற்றவளையும் வேனையும் கொண்டுபோக வந்து நின்ற அன்றைக்கு.

துணிமணியை எடுத்து வைம்மா என்றான்.

கிழவி வாசலை விட்டு நகரவில்லை.

"நானும் வரல, வண்டியும் வராது. ஓட்ட ஆளிருக்கு" என்று மருமகளைக் காட்டினாள்.

அதுவரை அவள் ஸ்டீயரிங்கைத் தொட்டதுகூடக் கிடையாது.