சிவப்பு ரகம்

திரை முழுக்கச் சிவப்புப் புள்ளிகள்.

அவள் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள்.

மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் எல்லாம் ஒரே ரகம் இல்லை. எந்த ரகம் எங்கே இருக்கிறது என்று நிறம் ஏற்றி வரைபடம் போடுவதுதான் அவள் பிழைப்பு. அவள் சிவப்பு ஏற்றுகிற ரகத்துக்கு ஆயுசு கெட்டியில்லை. பார்க்கின்சன் வந்தால் முதலில் சாவது அதுதான். நடை தளரும். முகம் இறுகிப்போகும். சிரிக்க நினைத்தாலும் சிரிப்பு முகத்துக்கு வராது.

அப்பாவுக்கு அதுதான் என்றார்கள் டாக்டர்கள்.

மாத்திரைக்குக் கேட்கவே இல்லை.

அவள் தன் இஷ்டத்துக்கு இம்தியாஸைக் கட்டிக்கொண்டதும் அப்பாவின் பேச்சு குறைந்தது. பிறகு நடை. பிள்ளை பிறந்ததும் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.

“பாவம், நோய்” என்றாள் எல்லாரிடமும். அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாளும் அவளுக்குச் சோறு இறங்கியது.

அவர் போனதும் மூளையை ஆய்வுக்குக் கொடுக்கலாம் என்று அம்மாவைச் சம்மதிக்க வைத்தவளும் அவள்தான்.

யாருடைய மூளை என்று பார்க்கிறவருக்குத் தெரியக்கூடாது. அதனால் மூளைச் சீவலை ஒட்டிய கண்ணாடித் துண்டில் பெயர் இருக்காது, எண் மட்டும். ஆனால் அப்பாவின் மூளை வந்த பெட்டியை வாங்கி வைத்தவள் அவள். எண் மனப்பாடம். கூட வேலை செய்யும் ஷெரின் பார்க்க வேண்டியதைத் தானே எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தப்புதான்.

ஷெரின் டீயோடு வந்து தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

“அடேயப்பா! எவ்வளவு நல்லா இருக்குக்கா. நோய் இல்லாத ஆளோடதா?”

அவள் தலையாட்டினாள்.

ஷெரின் போன பிறகு அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

அடுத்த கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். அதற்கடுத்ததையும் பார்த்தாள். சிவப்பு. சிவப்பு.

அப்படியானால் அவரால் சிரிக்க முடிந்திருக்கும்.

போன் அதிர்ந்தது. அம்மா.

“இன்னிக்குப் பாக்குறேன்னியேடி. பாத்தியா?”

“பாத்தேம்மா.”

“என்ன இருக்கு?”

புள்ளிகள் அப்படியே இருந்தன. அவள் திரையை அணைக்கவில்லை.

“ஒண்ணுமே மிச்சமில்லம்மா. எல்லாம் செத்துப்போச்சு.”

அம்மா பெருமூச்சு விட்டாள்.

“அதானே பாத்தேன். பேரப்பிள்ளையப் பாத்துச் சிரிக்காம இருக்க, அவருக்கென்ன கல்நெஞ்சா?”

“இல்லம்மா” என்றாள்.