ஏழின் தோளில் நூறு

“லோகா, உன் போன இப்படிக் கொடு.”

சமையலறையில் மீன் கழுவும் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

“ஐஸ்பெட்டி மேல இருக்கு. எடுத்துக்குங்க,” என்றார் லோகேஸ்வரி.

சுகுமாறன் எழுந்தார். இரயில்வே வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து ஞாயிறு தவறாமல் ஓர் இணையத் தளத்தில் தமிழில் கணக்குப் புதிர் எழுதுகிறவர். தன் வாசகர்கள் தைப்பூசத்துப் பத்துமலைக் கூட்டம் என்றுதான் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளில் சொல்லி வைத்திருந்தார்.

அந்தக் கூட்டம் மொத்தமும் ஒரே ஓர் ஆள். புனைபெயர், செராஸ் சிங்கம்.

புதிரை ஏற்றிவிட்டு அவர் தேநீரை எடுத்து வாயில் வைப்பதற்குள் சிங்கம் பாய்ந்து விடை சொல்லிவிடும். கூடவே நக்கல். ‘கொஞ்சம் கஷ்டமா போடுங்க ஐயா, தூக்கம் வருது லா.’ சுகுமாறன் பல்லை நறநறவென்று கடிப்பார். அப்புறம் அன்று முழுக்க அவர் அடிக்கும் விசிலில் மோனோரயிலே தடம் மாறிச் செராஸுக்குப் போய்விடும்.

போன ஞாயிறுதான் எல்லாம் கெட்டது.

ஏழு என்று போட்டு, அதன் தோளில் பொடியாக ஒரு நூறை உட்கார வைத்திருந்தார். நூறு ஏழுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் வரும் எண். எழுதி முடித்தால் கிள்ளான் பட்டணம் வரைக்கும் நீளும் என்பது அவர் கணக்கு. விளக்கமெல்லாம் சிங்கத்துக்கு எதற்கு? ‘கடைசி இலக்கம் என்ன?’ என்று மட்டும் கேட்டிருந்தார்.

சிங்கம் எழுதியது: ‘சுழியம். என்ன ஐயா, பாலர் பள்ளிக்கு மாறிட்டீங்களா?’

சுகுமாறனுக்குத் தலையில் இருந்த நாலு முடியும் நட்டுக்கொண்டது. ஏழுகளை எத்தனை பெருக்கினாலும் ஆயுசுக்கும் சுழியத்தில் முடியாது. தப்பும் செய்துவிட்டு நக்கல் வேறா? உலகமே பார்க்கும்படி பதில் போட்டார்: ‘உமக்குக் கணக்கு வராது. வேறு வேலை இருந்தால் பாரும்.’

‘சரி’ என்று ஒற்றைச் சொல் போட்டுவிட்டுச் சிங்கம் போய்விட்டது.

இன்றைய புதிருக்கு ஆளே இல்லை. தாப்பாவ் வாங்கி வந்த தோசை பொட்டலத்திலேயே ஓடாகிவிட்டது. காலையிலிருந்து அவரை ஒரே சந்தேகம் அரித்தது. அந்த ஆள் இதுவரை தப்பு விட்டதே இல்லையே. தன் கணினியில் எழுதும் பக்கம்தான் தெரிகிறது. வெளியே இருப்பவர்களுக்கு அது எப்படித் தெரிகிறது? அவருடைய பழைய பொத்தான் போனில் அதைப் பார்க்க வழியில்லை.

மனைவியின் போனில் தளத்தைத் திறந்தார்.

ஏழின் தோளில் நூறு இல்லை. கீழே இறங்கி ஏழுக்குப் பக்கத்தில் சமமாக உட்கார்ந்திருந்தது.

7100.

அடுக்குக் குறி போட அந்தத் தளத்துக்கு வக்கில்லை. எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நசுக்கி வைத்திருந்தது. ஏழாயிரத்து நூறு. கடைசி இலக்கம் சுழியமேதான்.

சுகுமாறன் சிங்கத்தின் ‘சரி’யைத் தேடிப் பக்கத்தின் அடிவரை தள்ளினார். அங்கே கருத்து எழுதும் கட்டம் காலியாக இருந்தது. போன்காரர் பெயரைத் தளமே அதற்கு மேல் போட்டிருந்தது.

‘செராஸ் சிங்கம், உங்கள் கருத்தை எழுதுங்கள்.’

ஐஸ்பெட்டியைப் பிடித்துக்கொண்டார்.

மகள் தாமரை சின்ன வயதில் கணக்குப் பாடத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடுவாள். ‘அம்மாவுக்கு அதெல்லாம் வராது, இங்க வா’ என்று கூப்பிட்டுக்கொள்வது அவர்தான்.

போனை இருந்த இடத்திலேயே கவிழ்த்து வைத்தார்.

“அந்த செராஸ்காரர் சொன்னது சரிதான். தப்பு என் பக்கம்,” என்றார். “தனியா ஒரு மெசேஜ் போட்டு மன்னிப்புக் கேட்டா, வருவாரா?”

லோகேஸ்வரி திரும்பவில்லை. மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டே கேட்டார்:

“தனியாவா திட்டுனீங்க?”