பக்கீர் காப்பாற்றிய உயிர்

ஒரு கொலைக்கு ஆயத்தம் நடக்கிறது என்பது பக்கீருக்கு உறைத்தபோது, கொலைக்கான ஆயுதம் அவருடைய கையில்தான் இருந்தது. அது ஒரு றேடியேற்றர் ஹோஸ்.

திருகோணமலை உட்துறைமுக வீதியில் கராஜ் வைத்திருந்தார் பக்கீர். அந்தச் சனிக்கிழமை காலை, துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த குலசிங்கம் தன் பழைய ஏ40 காரைக் கொண்டுவந்து விட்டார்.

"நாளைக்கு விடிய வவுனியாவுக்குப் போகோணும் நானா. அவசர அலுவல். வழியில மட்டும் நிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுச் சலூனுக்கு நடந்தார்.

அவர் போய்ச் சற்று நேரத்தில் அவருடைய மனைவி புஸ்பராணி குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனுசி. கார் எப்படி இருக்கிறது என்று மெல்லக் கேட்டாள்.

கேட்டவர்களுக்கெல்லாம் தொழில் சொல்லிக் கொடுப்பது பக்கீரின் பழக்கம். காரின் முன்மூடியான பொனற்றுக்குள் கையை விட்டு ஹோஸைப் பிடித்துக் காட்டினார்.

"இஞ்ச பாருங்க தங்கச்சி. றேடியேற்றருக்கும் எஞ்சினுக்கும் இடையில தண்ணி ஓடுற ஹோஸ் இது. நல்லதெண்டா அமத்தினா இறுக்கமா இருக்கும். இது பழுத்த வாழைப்பழம் மாதிரி அமுங்குது. கிளிப்புக்குக் கிட்ட வீங்கிக் கிடக்கு. வளைச்சா வெடிப்பும் தெரியுது."

புஸ்பராணி சந்தையில் கத்தரிக்காய் பார்ப்பதுபோல ஒற்றை விரலால் அமத்திப் பார்த்தாள்.

"இதோடை வவுனியாவுக்குப் போகலாமோ?"

"ஏலாது. சூடேறினதும் ஹொறவப்பொத்தானைக் காட்டுக்குள்ள எங்கயாவது வெடிச்சுத் தண்ணி முழுக்கக் கொட்டிரும். பிறகு கார் அசையாது."

"உதவிக்கு வாகனம் ஏதும் வருமோ?"

"ஞாயிற்றுக்கிழமை விடிய அந்தப் பக்கம் ஆரு வாறது? யானைதான் வரும்."

"அப்ப இதை மாத்த வேண்டாம் நானா."

பக்கீர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"கார் நல்லா இருக்கெண்டு அவரிட்டைச் சொல்லுங்கோ. நான் வந்ததைச் சொல்லாதேங்கோ."

"தங்கச்சி, அது யானை நிக்கிற காடு."

"அது யானையின்ரை பாடு" என்றாள் புஸ்பராணி. "சொல்லிக் கேக்கிற ஆளில்லை அவர். அழுதும் பாத்திட்டன். நாளையோடை இதுக்கு ஒரு முடிவு வரோணும்."

குடையை விரித்துக்கொண்டு அமைதியாகப் போய்விட்டாள். பக்கீர் ஹோஸைப் பிடித்த கையை எடுக்கவும் மறந்து நின்றார்.

குலசிங்கத்திடம் சொல்லலாமா? சொன்னால் அந்த வீட்டில் இன்றைக்கே யாராவது வெட்டுப்படுவார்கள். பொலிசுக்குப் போகலாமா? 'ஒரு பொம்புளை ஹோஸ் மாத்த வேண்டாமெண்டு சொல்றா' என்று முறைப்பாடு கொடுத்தால், முதலில் தன்னைத்தான் பிடித்து உள்ளே போடுவார்கள்.

வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோயிருந்த காலம் அது. புது ஹோஸ் என்றால் கண்ணில் காண்பதே அபூர்வம். பக்கீரிடம் ஒன்றே ஒன்று இருந்தது. தன்னுடைய வான் வண்டிக்கென்று அலுமாரிக்குள் துணி சுற்றிப் பத்திரப்படுத்தியிருந்தார். ஒரு பக்கம் கொஞ்சம் வெட்டினால் ஏ40க்குப் பொருந்தும். வெட்டியபோது அவருக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் ஒரு உயிர் அல்லவா?

தண்ணீரை இறக்கினார். பழையதைக் கழற்றி, குழாய் வாயில் ஒட்டியிருந்த றப்பரைச் சுரண்டினார். புதியதைச் செருகி இரண்டு கிளிப்பையும் இறுக்கினார். மறுபடி தண்ணீர் விட்டு, எஞ்சினைக் கொதிக்கக் கொதிக்க ஓடவிட்டுத் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. புதுசு என்று புஸ்பராணிக்குத் தெரியக் கூடாதே என்று, கழிவு ஒயிலும் புழுதியும் குழைத்து அதன்மேல் பூசியும் விட்டார்.

குலசிங்கம் சலூனிலிருந்து வந்தபோது தலைமயிர் கரிக்கட்டிபோலக் கறுத்திருந்தது. சீட்டியடித்துக்கொண்டே காரில் ஏறினார். நாளைக்கு இந்நேரம் யானைக் காலடியில் கிடக்க வேண்டியவர், ஒன்றும் அறியாமல் கண்ணாடியில் மீசையைப் பார்க்கிறாரே என்று பக்கீருக்கு நெஞ்சு உருகியது.

பின்னேரம் புஸ்பராணி கராஜ் வாசலில் வந்து நின்றாள்.

"மாத்தினனீங்களோ?"

"தொடவே இல்ல" என்றார் பக்கீர். பொய்தான். ஆனால் இப்படிப்பட்ட பொய்க்கு ஆண்டவன் கணக்குப் பார்க்க மாட்டான் என்று பட்டது.

"பெரிய உதவி நானா" என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஞாயிறு முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. கிளிப்பை இன்னும் ஒரு சுற்று இறுக்கியிருக்கலாமோ என்று புலம்பிக்கொண்டே இருந்தார். "ஊரான்ட காருக்கு நீங்க ஏன் பட்டினி கிடக்கிறீங்க?" என்று மனைவி பரீனா கேட்டாள்.

திங்கட்கிழமை காலை கராஜ் வாசலில் ஹோன் சத்தம் கேட்டது. கார் முழுசாக நின்றது. அதிலிருந்து குலசிங்கமும் முழுசாக இறங்கினார். பக்கீருக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"சுகமாப் போய் வந்தீங்களா ஐயா?"

"கார் ஒரு இடத்திலையும் நிக்கேல்லை நானா. நல்லாச் செய்து தந்தனீங்கள்" என்ற குலசிங்கம், பின் சீற்றிலிருந்து ஒரு பலகாரப் பெட்டியை எடுத்து நீட்டினார். பிறகு வீதியின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"புஸ்பராணியின்ரை காதிலை மட்டும் போட்டிடாதேங்கோ நானா, கொஞ்சம் பிந்தியிருந்தாலும் முகூர்த்தம் தப்பியிருக்கும், நான் கட்ட இருந்த தாலியைப் பொம்பிளையின்ரை மச்சான்காரன் கட்டியிருப்பான்."