அதிகம் அழவைத்த பாடல்

அந்த வருட இசை விருது விழாவில் சிறந்த பாடலை நடுவர்கள் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ரசனை தேவைப்படாத காலம் அது. எல்லோருடைய மூக்குக்கண்ணாடியிலும் இருந்த கண்ணீர்மானியே, எந்தப் பாட்டு ஓடும்போது எத்தனை சொட்டு என்று எண்ணித் தேர்ந்தெடுத்துவிட்டது. வென்ற பாடலை அந்த வருடம் முழுக்க ஊர் ஊராக மின்மயானங்களில் ஓடவிட்டிருந்தார் இசையமைப்பாளர்; விவரமானவர்.

அதற்கு அதிகம் அழுத ரசிகை என்று செண்பகவல்லியை மேடையேற்றினார்கள். கணவரை எரித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஆறுதல் சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து வந்திருந்தாள்.

"எந்த வரியில அழுதீங்கக்கா?" என்றான் தொகுப்பாளன்.

"அங்க பாட்டு ஓடுச்சா தம்பி? நான் எங்க வீட்டுக்காரருக்குல்ல அழுதேன்."

அரங்கம் சிரித்தது. இசையமைப்பாளரின் முகம் சுருங்கியது. "பாட்டப் போடுங்கப்பா. இப்ப அழுவாங்க பாருங்க."

இவர்களுக்கு இனி ஒரு சொட்டுகூடக் கிடையாது என்று செண்பகவல்லி பல்லைக் கடித்துக்கொண்டாள். கணவரை நினைக்காமலிருக்க, அந்தப் பாடலை முதன்முறையாகக் காதுகொடுத்துக் கேட்டாள். இரண்டாவது சரணத்தில் அடக்க முடியாத கொட்டாவி வந்தது. அது முடிந்தபோது கண்ணோரம் ஈரம் கசிந்திருந்தது.

மேடைத் திரையில் பாடலின் கண்ணீர்க் கணக்கில் ஒரு சொட்டு கூடியது. மொத்த அரங்கமும் எழுந்து நின்று கைதட்டியது.