நல்லூர் பன்னிரண்டு மைல்

"பிராது யாருதுங்க?" என்றார் எழுத்தர், தலை நிமிராமலே.

"ஆண்டாள். எந்தங்கச்சி. ஊரு நல்லூருங்க," என்றார் அர்ச்சுனன்.

கொளஞ்சியப்பர் கோயிலுக்கு நியாயம் கேட்டு வருகிறவர்கள் முதலில் இந்த மேசைக்குத்தான் வர வேண்டும். சாமிக்கு மனு எழுதி, சன்னதியில் வைத்து வாங்கி, காவல் தெய்வம் முனியப்பனின் வேலில் கட்டிவிட்டுப் போனால் மூன்று மாதத்தில் தீர்ப்பு. பிராதுக்காரர் ஊர் எத்தனை மைலோ அதற்குத் தக்கபடி தனிக் காசு. முனியப்பன் அவ்வளவு தூரம் நடந்துபோய் விசாரிக்க வேண்டாமா?

"எத்தன மைலு?"

"பன்னெண்டு இருக்கும்."

அர்ச்சுனன் சில்லறையை மேசையில் வைத்தார். சூளையில் பீங்கான் அடுக்கிவிட்டு நேராக வந்திருந்தார். நகக்கண்ணெல்லாம் வெள்ளை மண். நிற்கக்கூடத் தெம்பில்லை.

விஷயம் இதுதான். ஏழு வருஷத்துக்கு முன்னால் மதராஸில் ஒரு குழாய்க் கம்பெனி பங்கு விற்றது. ஏஜென்ட் ராஜாங்கம், அர்ச்சுனன் வேலை பார்க்கும் பீங்கான் பேட்டை வாசலிலேயே நின்று படிவம் கொடுத்தார். ஒரு பங்கு பத்து ரூபாய். அர்ச்சுனன் தனக்கு இருபது வாங்கினார். புருஷனைப் பறிகொடுத்த தங்கச்சியின் தாலிக்கொடியை விற்று, அவள் பேரில் ஐம்பது வாங்கினார்.

பெட்டியில் கிடக்கிற பவுன் குட்டியா போடும், அவள் மகள் கமலத்துக்குக் கல்யாண வயசு வருவதற்குள் இது இரட்டிப்பாகிவிடும் என்று சொன்னதும் அவர்தான்.

விலை இறங்கிப்போனால் என்று ஆண்டாள் இழுத்தாள். தன் பங்குப் பத்திரத்தில் பத்து ரூபாய் என்று அச்சடித்திருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். ரூபாய் நோட்டில் போட்டிருப்பது எப்போதாவது குறையுமா என்று கேட்டார். அட, நிஜமாகவே அப்படித்தான் நம்பியிருந்தார் மனுஷன்! அச்சடித்த விலை வேறு, சந்தையில் கேட்கிற விலை வேறு என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

இப்போது அதை ஒன்றரை ரூபாய்க்குக்கூட வாங்க ஆளில்லை. பவுனோ நாலு மடங்கு ஏறி உட்கார்ந்திருக்கிறது.

ஆவணியில் கமலத்துக்குக் கல்யாணம். ஐந்து பவுன் போடுவதாக ஆண்டாள் வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டாள். அண்ணன் சொன்னால் சொன்னதுதான் என்று பத்திரத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்துச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்தியிருக்கிறாள். இன்றைக்காவது அர்ச்சுனன் போய்ச் சொல்லியாக வேண்டும்.

"யாரு மேல பிராது? எதிரி பேரச் சொல்லுங்க."

ராஜாங்கத்தைச் சொல்லலாம். ஆனால் பாவம், அவரும் சொந்தக் காசைப் போட்டவர். இன்றைக்குக் கடைத்தெருவில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

கம்பெனியைச் சொல்லலாம். அதுவோ கரி கிடைக்கவில்லை, லாபமில்லை என்று வருஷா வருஷம் அச்சடித்து அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. ஒளிக்கவில்லை.

சந்தையைச் சொல்லலாம். அது எந்த ஊரில் குடியிருக்கிறது என்று முனியப்பனுக்கு எப்படி வழி சொல்வது?

"பின்னால வரிச நிக்குது பாருங்க," என்றார் எழுத்தர்.

"எழுதிக்குங்க. அர்ச்சுனன். பீங்கான் பேட்ட, விருத்தாசலம்."

எழுத்தர் எழுதினார். "இந்த அர்ச்சுனன் என்ன பண்ணாரு?"

நாலு வருஷத்துக்கு முன்னால் பங்கு இருபத்திரண்டு ரூபாய்க்குப் போனது. ராஜாங்கம் ஓடிவந்து பங்கை விற்க இரண்டு படிவத்தை நீட்டினார். இதற்கு மேல் ஏறாது, இந்த வாரமே தள்ளிவிடுங்கள் என்றார்.

ஒன்றில் அர்ச்சுனன் அப்போதே கையெழுத்துப் போட்டார். அந்தப் பணத்தில்தான் கூரையைப் பிரித்து ஓடு போட்டார்.

இன்னொன்றில் ஆண்டாள் கையெழுத்துப் போட வேண்டும்.

அடுத்த ஞாயிறு நல்லூருக்குப் போகலாம் என்று அதைச் சோற்றுப் பைக்குள் வைத்தார். அந்த ஞாயிறு இரட்டை ஷிப்டு. அதற்கடுத்த ஞாயிறு உடம்பை அடித்துப் போட்டதுபோல் படுத்தே கிடந்தார். பங்கு எங்கே ஓடிவிடப் போகிறது என்று இருந்துவிட்டார்.

ஓடு போட்ட வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று ஆண்டாள் வாழைத்தார் தூக்கிக்கொண்டு வந்தாள். அண்ணன் வீட்டை அண்ணாந்து அண்ணாந்து பார்த்துப் பூரித்துப்போனாள். அன்றைக்கு, சோற்றுப் பையிலிருந்து எடுத்துப் போட்ட அந்தப் படிவம் அவள் தலைக்கு மேலே பரணில்தான் இருந்தது. விலை அதற்குள் ஒன்பதுக்கு வந்திருந்தது. திரும்ப ஏறட்டும் என்று வாயை மூடிக்கொண்டார்.

"கேக்கறனே, என்ன பண்ணாரு?"

"ஒண்ணும் பண்ணலைங்க," என்றார். "நல்லூரு போயி ஒரு கையெழுத்து வாங்கணும். பன்னெண்டு மைலு. பஸ்ஸு ஏறிப் போவல."

எழுத்தரின் பேனா நின்றது. அப்போதுதான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். மேசை விளிம்பைப் பிடித்திருந்த வெள்ளைக் கைகளைப் பார்த்தார்.

மனுவை மடித்துக் கொடுத்தார். பிறகு மேசையில் கிடந்த தூரக் காசை ஒரு விரலால் அவர் பக்கமே தள்ளினார்.

"முனியப்பன் அவ்வளவு தூரம் போவ வேண்டியதில்ல. இத பஸ்ஸுக்கு வெச்சுக்குங்க."