தாரில் காய்ந்த மீன்

விடத்தல்தீவுக்குப் போகும் புது வீதியில் மத்தியான வெயில் எரிகிறது. அரசாங்கச் செலவில் ஆராய்ந்து கண்டுபிடித்த தார்க்கலவையால் போட்ட வீதி இது. இதனால் சனத்துக்குக் கிடைத்த நன்மையை அளக்க அதிகாரி டிலோஜினி வந்திருக்கிறாள். அரசாங்கக் கந்தோர் வாகனத்தைக் கண்டதுமே, தாரில் மீன் காயவிட்டிருந்த லூசியா எல்லாவற்றையும் மணலுக்குள் வாரித் தள்ளிவிட்டு, அவற்றை மறைத்து நிற்கிறாள். "இந்த றோட்டால உங்களுக்கு என்ன பிரயோசனம், அக்கா?" "கெதியா மன்னாருக்குப் போகலாம், மிஸ். நாங்கள் றோட்டில ஒண்டும் காயப்போடுறேல்லை." கறுத்த தாரில் மீன் மீனாய் ஈரத்தடம் மினுங்குகிறது. டிலோஜினி தலை நிமிராமல் 'பயண நேரம் மிச்சம்' என்று எழுதுகிறாள். முகம் சுடுகிறது. ஓரடி பின்வாங்க, காலடியில் ஏதோ மெத்தென்று நசிகிறது. லூசியா குனிந்து, தவறவிட்ட அந்த மீனை எடுத்து வீசிவிட்டு, தன் சட்டை நுனியால் டிலோஜினியின் சப்பாத்தைத் துடைக்கிறாள். "குறை நினையாதேங்கோ, மிஸ்."