ஓரகத்தியின் படம்

என் ஓரகத்தி அனார்குலின் படத்தை மாமியார் கூடத்தில் மாட்டியதிலிருந்து, வருகிறவர்கள் தேநீரை ஆறவிட்டு அதையே பார்த்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாரின் நகரில் புகைப்படக்காரர்களுக்கா பஞ்சம்? ஆனாலும் அவளை எடுத்த குபாத்திடமே போனேன். முப்பது வருட அனுபவம். ஊர்க் கல்லறைக் கற்களில் பொறித்த முகங்களில் பாதி அவர் எடுத்தவை. அன்று காலை வாங்கிய சால்வையைப் போர்த்தியிருந்தேன். அதில் ஒரு குஞ்சம் அறுந்திருந்ததை அவர் வாசலில்தான் கவனித்தேன்.

“அண்ணே, அனார்குலை எடுத்த மாதிரியே எடுங்க. ஆனா அவளைவிட ஒரு படி மேல இருக்கணும்.”

குபாத் என்னை உற்றுப் பார்த்தார். “போன வருஷம் அவங்களும் உங்க படத்தைக் காட்டி இதையேதாம்மா சொன்னாங்க.”

“என் படமா? நான் இங்க வந்ததே இல்லையே!”

“இங்கயே விட்டுட்டுப் போயிட்டாங்க.” மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

பனி மூடிய ஒரு கல்லறை. அதன் கறுப்புக் கல்லில் என் முகம் பொறிக்கப்பட்டிருந்தது. கீழே என் பெயர். தோளில் சால்வை; அதில் ஒரு குஞ்சம் இல்லை.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அனார்குலைவிட நான்தான் அழகாக இருந்தேன்.